கரடிகளின் பெயரால்

உங்கள் வீட்டு ஆப்பிள் மரத்தை இன்னும் பறிக்காமல் வைத்திருக்கிறீர்கள், ஷெரிஃப். போன சனிக்கிழமை அந்த வழியாக வரும்போது பார்த்தேன். கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்து, பாதி கீழே விழுந்து புளித்துக் கிடக்கிறது. அந்த வாசனை காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கரடி மலையிலிருந்து இறங்கி வரும். பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் உங்களுக்குத்தான் போன் செய்வார். நீங்கள் துப்பாக்கியோடு உங்கள் வீட்டுக்கே போக வேண்டியிருக்கும். எங்கள் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் ஏணியும் கூடையும் கொண்டுவந்து பறித்துக் கொடுத்துவிடுவோம். நான் இனி வர முடியாது என்பது புரிகிறது. மற்றவர்கள் வருவார்கள்.

டெல்மர் ஃபிஸ்க் விஷயம் கேட்டீர்கள். சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கும் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

என்னைக் கார்வர் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாதிப்பேருக்குப் பல் மருத்துவரிடம் வேலை பார்த்து ஊரார் பல்லைச் சுத்தம் செய்கிற ஆர்டித் ஹாவர்சனாகத் தெரியும். மீதிப்பேருக்குக் கரடியம்மாவாகத் தெரியும். மினசோட்டாவிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். கல்யாணம் போய்விட்டது, நான் இருந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆனாலும் வயோமிங்கில் நான் வெளியூர்க்காரிதான். கரடிகளுக்காக நான் பேசத் தொடங்கியபோது இந்தப் பள்ளத்தாக்கில் என்னைத் தவிர ஒருவர்கூட இல்லை. சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு நானும் என் சகோதரியும் வந்திருந்தோம். சகோதரி ஊரிலிருந்து விருந்தாளியாக வந்திருந்தவள்.

டோரீன் கடைக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போனால் பண்ணைக்காரர் பர்டெட் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார்.

"என்ன கரடியம்மா, உங்க புள்ள நேத்து என் கன்னுக்குட்டியைத் தின்னுட்டுப் போயிட்டான். வளத்த லட்சணம் இதுதானா?"

"செத்த கன்னுக்குட்டியை அப்புறப்படுத்தாம வேலி ஓரத்துல போட்டு வெச்சது யாரு, பர்டெட்?"

"அதெல்லாம் விடுங்க. வேட்டை சீசன் தொறக்கட்டும். அவன் தலையைப் பாடம் பண்ணி என் கணப்புக்கு மேல மாட்டறேன். நீங்க வந்து பல்லு வெளக்கி விடுங்க."

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த வாரமே அவர் என் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பார். நான் ஒருநாளும் அழுத்தித் தேய்த்ததில்லை. வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள். பொறுமை எனக்குக் கூடப் பிறந்தது.

மத்திய அரசு கிரிஸ்லி கரடிகளைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்த கதை உங்களுக்குத் தெரியும். போதுமான அளவு பெருகிவிட்டனவாம். நோயாளி பிழைத்துவிட்டான், மருந்தை நிறுத்தலாம் என்றால் எனக்குப் புரியும். பிழைத்துவிட்டான், இனி அவனைச் சுடலாம் என்பது புரியவில்லை. பட்டியலிலிருந்து எடுத்த உத்தரவின் மை காய்வதற்குள் மாநில வனவிலங்கு ஆணையம் குலுக்கல் போட்டு வேட்டை அனுமதி கொடுக்கப் போவதாக அறிவித்தது. தின்பதற்கு அல்ல. கரடிக் கறியை இங்கே யார் தின்கிறார்கள்? தலைக்கும் தோலுக்கும்தான்.

இந்தச் சமயத்தில்தான் டெல்மர் எங்களுக்குக் கிடைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இந்த மண்ணிலேயே பிறந்தவர். வேட்டைக்கு வருகிற பணக்காரர்களைக் குதிரையில் மலைக்கு அழைத்துப் போவது அவர் தொழில். இளவயதில் அலாஸ்காவில் கரடி வேட்டைக்கும் ஆள் கூட்டிப் போயிருக்கிறார். ஒருநாள் சங்கக் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உளவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கினார். பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார்.

ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"டல்லஸ்காரன் ஒருத்தன். சுட்டான். தலையை மட்டும் வெட்டித் தரச் சொன்னான். ஓட்டலுக்குப் போயி வறுத்த கோழி தின்னான். மிச்சக் கரடி அங்கயே கெடந்துச்சு. எனக்கு அன்னைக்குச் சாப்பாடு எறங்கலை. அவ்வளவுதான் ஆர்டித், வேற தத்துவமெல்லாம் கெடையாது."

வசந்தகாலத்தில் ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்க முதல் கூட்டம் போட்டது. டெல்மர் பேசுவதற்கு நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நல்ல உரை. வாழிடம், இனப்பெருக்க வேகம் எல்லாம் அதில் இருந்தன. அவர் அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த காபி மேசையின் காலுக்கு அடியில் வைத்தார்.

"நல்லா கனமா எழுதியிருக்க. பாரு, ஆடவே இல்ல."

அப்புறம் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். "நான் கரடி சுட ஆள் கூட்டிட்டுப் போயிருக்கேன். எத்தனைன்னு சொல்ல வெக்கமா இருக்கு. இனிமே வேண்டாம்னு தோணுது. உங்களுக்கும் தோணணும்," என்றார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

 பர்டெட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் பேசும்போது இந்த ஊர் ஆண்கள் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள். மறுநாள் பத்திரிகையில் டெல்மரின் படம் வந்தது. ஓரத்தில் என் தோளில் பாதி தெரிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. தோள் நன்றாகவே விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு வானொலிக்காரர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லோரும் எனக்குத்தான் போன் செய்தார்கள். "அந்தப் பழைய வேட்டைக்காரர் பேசுவாரா?" என்று கேட்பார்கள். ஏற்பாடு செய்து கொடுப்பேன். காரியம்தான் முக்கியம், ஆள் முக்கியமில்லை என்று சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

இனி ஐடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் பள்ளத்தாக்கில் இரண்டு குட்டிகளோடு திரிந்த பெண் கரடி. காதுக்குப் பின்னால் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அரசாங்கத்தில் அதற்கு எண் உண்டு. நான் ஐடா என்று பெயர் வைத்தேன். எங்கள் சுவரொட்டிகளில் இருந்தது அதுதான். டெல்மர் கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பேரு வெச்சா கூப்ட ஒடனே வந்துரப் போகுதா?" என்பார்.

செப்டம்பரில் வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நானும் டெல்மரும் மேல் பள்ளத்தாக்குக்குப் போனோம். வேட்டைக்கு வழி அடையாளம் வைக்கிற யாரோ அங்கே மரங்களில் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர் தன் வண்டியைப் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். நான் பாலத்தின் அந்தப் பக்கம் நிறுத்தினேன். அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. அங்கே நிழல் இருந்தது.

நான் மேட்டில் தொலைநோக்கியோடு உட்கார்ந்துகொண்டேன். கீழே ஆற்றோரப் புதரில் ஒரு நாடா தெரிந்தது. டெல்மர் அதை அவிழ்க்க இறங்கினார். ஆற்றுச் சத்தம் பெரிதாக இருந்தது. காற்று அவருக்கு எதிர்ப்பக்கமிருந்து அடித்ததால் அவர் வாசனை கரடிக்குப் போய்ச் சேரவில்லை. அவருடைய இடுப்பில் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே இருந்தது. எடுக்க நேரமில்லை. ஐடா புதரைப் பிளந்துகொண்டு வந்தது, அவரைக் கீழே தள்ளியது, கடித்தது. அவர் அசையாமல் கிடந்ததும் விட்டுவிட்டது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கரை ஏறிப் போய்விட்டது. அவை கண்ணுக்கு மறையும்வரை நான் காத்திருந்துவிட்டுத்தான் இறங்கினேன். நாங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது அப்படித்தான்.

முகத்தின் இடப்பக்கம் நன்றாகக் கிழிந்திருந்தது. தோளிலும் தொடையிலும் ஆழமான கடி. ஆனால் நினைவு இருந்தது. எனக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு. என் கழுத்துத் துணியால் தோளை இறுக்கிக் கட்டினேன். அவருடைய பெல்ட்டைத் தொடைக்குப் போட்டேன். ரத்தம் நின்றது. அந்தக் கட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று உங்கள் மருத்துவரே சொன்னதாகச் சொன்னீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

டெல்மர் முதலில் சொன்னது இதுதான். "அவ மேல தப்பில்ல, ஆர்டித். நான்தான் காத்தைப் பாக்காம புதருக்குள்ள பூந்துட்டேன். அவளைச் சுட விட்டுடாத." அது, அது என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு அவள் என்றார்.

அதை நான் அவருடைய கடைசி விருப்பமாக எடுத்துக்கொண்டேன். அப்போது அவர் சாகும் நிலையில் இல்லை என்பது வேறு விஷயம்.

என் பையில் சங்கத்துக்காக வாங்கிய செயற்கைக்கோள் கருவி இருந்தது. மூடியைத் தள்ளிப் பொத்தானை அழுத்தினால் எந்த மலையில் இருந்தாலும் ஹெலிகாப்டர் தேடி வரும். அதைக் கையில் எடுத்தேன். எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்து யோசித்தேன்.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். ஹெலிகாப்டர் வரும். அதன் பின்னாலேயே கேமராக்கள் வரும். வாக்கெடுப்புக்கு முன்னால் ஊர் முழுக்க அந்தக் கிழிந்த முகம்தான் தெரியும். பார்த்தீர்களா, கரடிக்காகப் பேசியவனையே கரடி கடித்துவிட்டது என்பார்கள். டோரீன் கடையில் ஒரு மாதம் சிரிப்பார்கள். நான் இத்தனை வருடம் கட்டியது அந்த ஒரு படத்தில் சரிந்துவிடும். ஆனால் ஒரு மனிதன் ஆற்றில் விழுந்து இறந்தால் யாரும் ஆற்றைச் சுடுவதில்லை. மேல் பள்ளத்தாக்கில் அடிக்கடி யாராவது ஆற்றில் போகிறார்கள். இது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. இப்போதும் அந்த அளவில் நியாயமாகத்தான் படுகிறது.

"பட்டனை அழுத்திட்டியா?" என்று டெல்மர் கேட்டார்.

"அழுத்திட்டேன்."

"எப்ப வருவாங்களாம்?"

"ஆத்தங்கரை மணல் திட்டுலதான் எறக்க முடியும், டெல்மர். இங்க மரம் நெருக்கமா இருக்கு. நாம அங்க போயிடணும்."

"நடக்க முடியாதே."

"நான் இழுக்கறேன். நல்ல காலை ஊனித் தள்ளுங்க."

அவர் தள்ளினார். நான் அக்குளில் கை கொடுத்துப் பின்னாலிருந்து இழுத்தேன். கனமான ஆள், நிறுத்தி நிறுத்தித்தான் போக முடிந்தது. "மெதுவா இழு, உன் இடுப்பு பிடிச்சுக்கப் போகுது," என்று நடுவில் சொன்னார். புதரெல்லாம் நசுங்கி மண்ணில் ஒரு தடம் விழுந்தது. அன்று மாலை மழை பெய்து என் காலடிகளைக் கரைத்துவிட்டது. அந்தத் தடம் மட்டும் கரையவில்லை. மணல் திட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு நன்றி சொன்னார். அதன் பிறகு ஆறு அவரை எடுத்துக்கொண்டது.

மறுநாள் அவர் வீடு திரும்பவில்லை என்று அவருடைய தங்கை வெல்டா உங்களிடம் வந்து சொன்னாள். நாங்கள் சேர்ந்து போவதாக இருந்தோம், எனக்குத் தலைவலி, போகவில்லை என்று நான் சொன்னேன். தேடுகிறவர்களுக்கு நானே சாண்ட்விச் செய்து கொண்டுவந்தேன். நீங்களும் சாப்பிட்டீர்கள். வெல்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒங்க பேரைத்தான் அண்ணன் வாய்க்கு வாய் சொல்லுவாரு. கரடியைப் பத்தி ஆர்டித்துக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எனக்குத் தெரியாதும்பாரு," என்றாள். டெல்மர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். அவருக்கு அடக்கம் உண்டு. அந்த அடக்கத்தைத்தான் பத்திரிகைக்காரர்கள் விரும்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை, புதரில் கரடி ரோமமும் கிழிந்த துணியும் சிக்கியிருந்த அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்; ஆள்தான் கிடைக்கவில்லை. வனவிலங்குத் துறை அதிகாரி க்விண்டன் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"திடுக்கிட்டுக் கடிச்சிருந்தா கடிச்ச எடத்துலயே விட்டுட்டுப் போயிருக்கும்," என்றார். "இது ஆத்துவரைக்கும் இழுத்துட்டுப் போயிருக்கு. திங்கறதுக்குத்தான் இழுத்திருக்கு. இதை விட்டு வெக்க முடியாது, ஆர்டித். உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் ஐடா பிழைத்திருக்கும் என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் மற்ற வாக்கியங்களையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சங்கத்தின் பெயர் என்னாவது? பள்ளத்தாக்கில் உள்ள எல்லாக் கரடிகளும் அந்தப் பெயரை நம்பி இருந்தன. ஒரு கரடியா, எல்லாக் கரடிகளுமா என்று வந்தால் எந்தத் தலைவியும் என்ன செய்வாளோ அதைத்தான் நான் செய்தேன்.

ஐடா எந்த வழியாக ஆற்றைக் கடக்கும் என்று க்விண்டன் என்னிடம்தான் கேட்டார். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றார். நான் சொன்னேன். தப்பான கரடியைச் சுட்டுவிடக் கூடாதே. புதன்கிழமை காலை அது பொறியில் மாட்டியது. காதுக்குப் பின்னால் இருந்த பட்டையை நான்தான் அடையாளம் காட்டினேன். குட்டிகள் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தன. அவற்றை ஒஹாயோவில் ஒரு மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவற்றுக்குப் பெயர் வைக்கப் போட்டி வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு பெயர் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பேசினேன். அரங்கம் நிரம்பி, சுவரோரம்கூட ஆட்கள் நின்றார்கள். வேட்டைக்காரரான ஒரு நல்ல மனிதர் மனம் மாறியதைச் சொன்னேன். அவர் இல்லாமல் போனதைச் சொன்னேன். ஒரு கரடியின் குற்றத்துக்கு மற்றவற்றைத் தண்டிக்காதீர்கள் என்றேன். குரல் ஓர் இடத்தில்கூட உடையவில்லை. பிறகு ஆணையத்தார் ஒருவர் பாக்கியில்லாமல் வேட்டைக்கு ஆதரவாகக் கை தூக்கினார்கள். பர்டெட் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, "என்ன இருந்தாலும் டெல்மர் மாதிரி வருமா," என்றார். அவர் வருத்தத்தில்தான் சொன்னார்.

மற்றதும் உங்களுக்குத் தெரியும். வேட்டை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, கரடியை உயிரோடு பார்த்தே இராத ஒரு நீதிபதி வேறு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, பட்டியலிலிருந்து நீக்கிய முறையில் சட்டக் குறை இருக்கிறது என்று எல்லாக் கரடிகளையும் திரும்பப் பட்டியலில் சேர்த்துவிட்டார். தீர்ப்பைத் தேடிப் படித்தேன். அதில் டெல்மர் இல்லை, நான் இல்லை, ஐடாவும் இல்லை. எங்கள் கூட்டங்களில் ஒன்றைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை.

அடுத்த வாரம் வாய்க்கால் மதகில் டெல்மர் கிடைத்தார். சட்டைக்குள் என் கட்டு அப்படியே இருந்தது. எங்கள் சங்கத்தின் பாதச்சுவடு அச்சிட்ட துணி. கரடி கடித்தவன் தன் முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்ள முடியாது என்று நீங்கள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. முடிச்சு என்னுடையது. அதை அவிழ்க்க மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவிழ்த்திருந்தால் ரத்தம் வந்திருக்கும். எனக்கு மனம் வந்திருக்காது.

நுரையீரலில் தண்ணீர் இருந்தது என்கிறீர்கள். இருக்கும். மணல் திட்டில் அவரைத் தண்ணீர் ஓரம் படுக்க வைத்தேன். ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். ஆறு பெரிதாக ஓடுகிறது, கேட்காது என்றேன். காயத்தைக் கழுவ வேண்டும் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தேன். அந்தத் தண்ணீர் பனி உருகி வருவது. "என்ன ஆர்டித் இது, ஜில்லுனு இருக்கு," என்றார். தலையின் மேல் கை வைத்து அழுத்தினேன். பல் சுத்தம் செய்யும்போது பயந்தவர்களின் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொள்வேன். அதே அழுத்தம்தான். அவருக்கு ஒரு கை முடங்கியிருந்ததால் அதிக நேரம் ஆகவில்லை. பிறகு நீரோட்டத்தில் தள்ளிவிட்டேன். நான்தான் செய்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நீங்கள் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதும் நியாயமான கேள்விதான். "குட்டியோட இருக்கற தாய் திடுக்கிட்டுக் கடிச்சா அதைச் சுடறதில்லையே, ஆர்டித். உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். அதைச் சொல்லும் துண்டுப் பிரசுரத்தை எழுதியதே நான்தான். டெல்மர் உயிரோடு இருந்து நடந்ததைச் சொல்லியிருந்தால் க்விண்டன் அந்தக் கரடியைத் தொட்டிருக்க மாட்டார். அதையும் அந்தப் பாறையில் உட்கார்ந்து யோசிக்காமல் இல்லை.

அவர் வேறு ஏதாவது சொன்னாரா என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள். சொன்னார். நான் கருவியைக் கையில் எடுத்த நேரம். விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்துவதாகத்தான் இருந்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். முகத்தில் பாதிதான் சிரித்தது.

"வியாழக்கெழமை இந்த மூஞ்சியோட போயி நிக்கறேன், ஆர்டித். கடிபட்டவனே அவளை விட்டுடுங்கன்னு சொன்னா எவன் எதிர்த்துப் பேசுவான்? நீ ஒண்ணும் பேச வேண்டாம். அலட்டிக்காத. நான் பாத்துக்கறேன்."

நல்ல மனிதர். அவர் சொன்னது நடந்தும் இருக்கும். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வருவார்கள். அரங்கமே எழுந்து நிற்கும். அவர் நாலு வார்த்தை சொல்லுவார். ஆணையத்தில் ஒருவரும் கை தூக்கத் துணிய மாட்டார்கள். பள்ளிக்கூடங்களுக்கு அழைப்பார்கள். கடித்த கரடியை மன்னித்தவர் என்று நாடு முழுக்க எழுதுவார்கள். வயோமிங்கின் கரடிகளைக் காப்பாற்றியவர் டெல்மர் ஃபிஸ்க் என்று ஆகிவிடும். நாற்காலி மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர், ஷெரிஃப். வாழிடம் என்ற சொல்லைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. நான் பொய்யை எப்போதும் சகித்துக்கொண்டதில்லை. எனக்காக இதைச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கென்று எதையும் நான் கேட்டதே கிடையாது. ஆனால் இத்தனை வருடம் உழைத்தது யார் என்று அந்தக் கரடிகளுக்குத்தான் தெரியப் போவதில்லை, மனிதர்களுக்காவது தெரிய வேண்டாமா?